பள்ளிப் பாதுகாப்பைத் திட்டமிடுதல்: மும்பையின் மூன்று பகுதிகள்

கல்வி பெறும் உரிமையில், பாதுகாப்பான பள்ளியில் அமர்ந்து கற்கும் உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்தது. அந்த வழக்குக்கு அடிப்படையாக அமைந்தது 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளின் உயிரைக் கவர்ந்த தீ விபத்தாகும். சத்துணவுச் சமையற்கூடத்தின் கீற்றுக் கூரையில் பற்றிய தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஒரே வளாகத்தில் மூன்று பள்ளிகள் இயங்கின; மாடியிலிருந்து இறங்கும் வழியோ குறுகலானது. பள்ளிக் கட்டடங்களுக்கு உரிமம், சான்றிதழ், ஆய்வு ஆகியவற்றை வலியுறுத்தும் விதிகள் அன்றும் நடைமுறையில் இருந்தன. விதிகளைக் காகிதத்தில் எழுதியோரும் உண்டு; கையொப்பமிட்டோரும் உண்டு. தீப்பற்றிய அந்த வேளையில் எந்த வகுப்பை எந்த வழியே யார் அழைத்துச் செல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தவர்தாம் எவருமிலர்.

பள்ளிப் பாதுகாப்பு என்றவுடன் வாயிலில் சீருடை அணிந்த காவலரும், தாழ்வாரத்தில் கண்காணிப்புக் கேமராவுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. இவை தேவையற்றவை அல்ல. ஆயினும் விலைக்கு வாங்கக்கூடியவற்றை வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணமே இத்துறையின் பெருங்குறை. ஒவ்வொரு பள்ளிக்கும் நேரக்கூடிய இடர் அது அமைந்துள்ள இடத்தைப் பொறுத்து மாறுபடுகிறது. ஆகவே காக்கும் முறையும் மாறுபட்டாக வேண்டும். ஓரிடத்தில் உயிர் காக்கும் கட்டளை மற்றோரிடத்தில் உயிரைப் பறிக்கவும் கூடும். தமிழர்கள் பெருமளவில் வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவிலேயே அமைந்துள்ளன. எனினும் மூன்றின் இடர்களும் வெவ்வேறானவை.

சட்டம் வகுத்துள்ள எல்லை

குழந்தைகளின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, தன் அட்டவணையில் எல்லாப் பருவநிலைக்கும் ஏற்ற கட்டடம், சிறுவர் சிறுமியருக்குத் தனித்தனிக் கழிப்பறை, தடையற்ற நுழைவழி, சுற்றுச்சுவர் அல்லது வேலி ஆகியவற்றை ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டாயமாக்கியுள்ளது. அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் பள்ளிப் பாதுகாப்புக் கொள்கை பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. குழந்தையின் பாதுகாப்புக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பேற்க வேண்டும் என்பதை வரையறுக்கும் நெறிகளை மத்தியக் கல்வி அமைச்சகம் 2021இல் வெளியிட்டது. மகாராஷ்டிரத் தீத்தடுப்பு மற்றும் உயிர்ப் பாதுகாப்பு நடவடிக்கைகள் சட்டம் 2006, கட்டடத்தின் தீயணைப்பு அமைப்புகள் நல்ல நிலையில் உள்ளன என்னும் சான்றிதழை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், அளிக்கும்படி உரிமையாளரையும் குடியிருப்பாளரையும் பணிக்கிறது. 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்கள் உறுதித்தன்மைச் சான்று பெற வேண்டும் என்பது மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் விதி. ஆகவே குறை சட்டத்தில் இல்லை.

தாராவியின் மாடிப்படிகள்

தாராவி சுமார் 2.4 சதுர கிலோமீட்டர் பரப்பினுள் பல லட்சம் மக்களைத் தாங்கி நிற்கும் பகுதி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் 90 அடிச் சாலையையும் அதனைச் சுற்றியுள்ள சந்துகளையும் தம் ஊராக்கிக் கொண்டனர். தோல் பணிமனைகள், குயவர் சூளைகள், ரொட்டி அடுப்புகள், பழைய பிளாஸ்டிக்கைப் பிரித்து உருக்கும் கூடங்கள் ஆகியவற்றுக்கு நடுவேதான் பள்ளிகளும் அமைந்துள்ளன. மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. தனியார் பள்ளிகளும் பல உண்டு.

இங்கு தீ பெரும்பாலும் பள்ளிக்கு வெளியேதான் பிறக்கும். 2025 மார்ச் 24 இரவு, தாராவிப் பேருந்துப் பணிமனைக்கு அருகே எரிவாயு உருளைகளை ஏற்றி நின்ற ஒரு லாரி தீப்பற்றி, உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. அது பள்ளி நேரம் அன்று. இத்தகைய நிகழ்ச்சி நண்பகலில் நேர்ந்தால் அருகிலுள்ள பள்ளி எந்தப் பக்கமாகக் குழந்தைகளை வெளியேற்றும் என்ற வினாவுக்கு விடை வரைபடத்தில் முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி நுழைய இயலாத சந்தாயின் அது எங்கு நிற்கும், அங்கிருந்து நீர்க்குழாய் எட்டுமா என்பதை அப்பகுதித் தீயணைப்பு நிலையத்தாருடன் ஒருமுறை நடந்து பார்த்தே அறிய முடியும். அலுவலகத்தில் அமர்ந்தவாறு எழுதப்படும் திட்டத்தில் இது இடம்பெறுவதில்லை.

மாடிப்படி தனியே கவனிக்கத்தக்கது. இடப் பற்றாக்குறையால் மும்பையின் பள்ளிகள் பலவும் காலை, பிற்பகல் என இரு முறைகளாக இயங்குகின்றன. ஒரு முறையினர் வெளியேறும்போது மறு முறையினர் நுழைகின்றனர். ஒரே வாயில், ஒரே படிக்கட்டு. நாள் முழுவதிலும் இந்தச் சில நிமிடங்களே மிகவும் கவனம் வேண்டுபவை. டெல்லி கஜூரி காஸ் பகுதியில் 2009 செப்டம்பர் 10 அன்று, மழையால் நீர் தேங்கிய அரசுப் பள்ளி ஒன்றில் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 5 மாணவியர் உயிரிழந்தனர். தேங்கிய நீரில் மின்சாரம் பாய்கிறது என்னும் வதந்தியே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. மும்பையிலேயே 2017 செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டன் சாலை ரயில் நிலையத்தின் நடைமேம்பாலப் படிகளில், மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் 23 பேர் மாண்டனர். இவ்விரு இடங்களிலும் தீயில்லை, இடிபாடில்லை. படியும் மழையும் அச்சமுமே உயிர்களைக் கொண்டுபோயின.

இதற்குரிய தீர்வு பெரும் பொருட்செலவு கோருவதன்று. முதல் முறையின் கடைசி வகுப்பு வெளியேறியதற்கும் அடுத்த முறையின் முதல் வகுப்பு நுழைவதற்கும் இடையே பதினைந்து நிமிட இடைவெளி விடலாம். கீழ்த்தள வகுப்புகள் முதலில், மேல்தள வகுப்புகள் பின்னர் என வரிசை வகுக்கலாம். திருப்பங்களில் ஓர் ஆசிரியர் நிற்கலாம். படிக்கட்டின் அடியில் உடைந்த மேசைகளையும் பழைய விடைத்தாள் மூட்டைகளையும் குவித்து வைக்கும் பழக்கம் மட்டும் எந்த ஆண்டறிக்கையிலும் இடம்பெறாமல் தொடர்கிறது. மின் அளவி பொருத்தப்பட்ட பலகையும் பல கட்டடங்களில் அதே படிக்கட்டின் அடியில்தான் உள்ளது. மின்கசிவால் அங்கு புகை எழுந்தால், இறங்குவதற்கென்று உள்ள ஒரே வழி புகைபோக்கியாகிவிடும். கையில் தூக்கும் தீயணைப்புக் கருவி தலைமையாசிரியர் அறையின் பூட்டிய அலமாரியில் பத்திரமாக இருப்பதால் பயனில்லை.

சுவரும் கூரையும்

பாதுகாப்பிற்கென எழுப்பிய சுவரே ஆபத்தாவதும் உண்டு. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். தாராவித் தமிழர் பலருக்கு அது சொந்த ஊர்ச் செய்தி. 2019 ஜூலையில் கல்யாணில் பெருமழையின்போது ஒரு பள்ளியின் சுற்றுச்சுவர் அருகிலிருந்த குடியிருப்பின்மீது சாய்ந்து மூவர் இறந்தனர். 2025 ஜூலை 25 அன்று ராஜஸ்தானத்தின் ஜாலாவார் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றின் கூரை இடிந்து 7 குழந்தைகள் உயிரிழந்தபின், நாடெங்கும் பள்ளிக் கட்டடங்களைத் தணிக்கை செய்யுமாறு மத்தியக் கல்வி அமைச்சகம் அறிவுறுத்தியது. தணிக்கை முக்கிய கட்டடத்தோடு நின்றுவிடலாகாது. கழிப்பறை, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, வாயில் வளைவு ஆகிய துணைக் கட்டுமானங்களே பெரும்பாலும் பொறியாளரின் கண்ணுக்குத் தப்புகின்றன. பருவமழைக்கு முன்னர், மே மாதத்திற்குள், இவற்றைப் பார்வையிடுவதே மும்பைக்குப் பொருந்தும் கால அளவு.

மாட்டுங்காவின் மழை

மாட்டுங்கா பள்ளிகள் நெருங்கிய பகுதி. 1932இல் தொடங்கப்பெற்ற தென்னிந்தியக் கல்விக் கழகம் உள்ளிட்ட பல கல்வி நிறுவனங்கள் இங்கு வேரூன்றின. அகன்ற சாலைகளும் மரநிழலும் கொண்ட இப்பகுதியின் இடர் வேறு வகையானது. கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் தாழ்ந்த நிலங்கள். கடலில் ஏற்றம் இருக்கும் வேளையில் கனமழை பெய்தால் நீர் வடிவதில்லை.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நாளில் நகரின் தென்முனையான கொலாபாவில் பதிவானது சுமார் 73 மில்லிமீட்டரே. ஒரே நகரில் ஒரு பகுதியில் தூறலும் மற்றொன்றில் பிரளயமும் என்னும்போது, தெற்கே அமர்ந்துள்ள அலுவலகம் வடக்கேயுள்ள பள்ளியின் நிலைமையை உடனே உணர்ந்துகொள்ளும் என எதிர்பார்க்க முடியாது. அன்று பல பள்ளிகளில் குழந்தைகள் இரவு முழுவதும் வகுப்பறைகளிலேயே தங்க நேரிட்டது. அவ்வாறு தங்கியவர்கள் பெரும்பாலும் பத்திரமாக வீடு சேர்ந்தனர். சாலையில் சிக்கியவர்களின் நிலைதான் கலக்கத்துக்குரியதாயிருந்தது.

2025 ஆகஸ்ட் 18 அன்றும் இதன் சிறிய வடிவம் காணப்பட்டது. பிற்பகல் முறைப் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது. ஆனால் காலை முறைக் குழந்தைகள் அதற்குள் பள்ளிக்கு வந்துவிட்டிருந்தனர். மாட்டுங்காப் பகுதியில் வெள்ளநீரில் நின்றுபோன பள்ளி வாகனம் ஒன்றிலிருந்து குழந்தைகளைக் காவல்துறையினர் கரைசேர்த்தனர்.

விடுமுறை அறிவிப்பு என்பது குழந்தை வீட்டில் இருக்கும்போது பாதுகாப்பு; குழந்தை பள்ளியில் இருக்கும்போது அதுவே ஆபத்தாகலாம். முழங்காலளவு நீரில் திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடை வாய் தெரிவதில்லை. ஆகவே பெருமழையில் தலைமையாசிரியர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, அனுப்புவதா நிறுத்தி வைப்பதா என்பதே. அம்முடிவை எடுக்கும் அதிகாரம் அவருக்கு எழுத்துமூலம் அளிக்கப்பட்டிருத்தல் வேண்டும். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் கிங்ஸ் சர்க்கிளில் நீர் இடுப்பளவு உயர்ந்துவிடும். நிறுத்தி வைப்பதாயின் மேல்தளத்தில் குடிநீர், பிஸ்கட், மின்விளக்கு, முதலுதவிப் பெட்டி ஆகியன ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆயத்தமாயிருக்க வேண்டும். பெற்றோருக்கு அனுப்பும் செய்தி ஒன்றே ஒன்றாக, ஒரே இடத்திலிருந்து செல்ல வேண்டும். ஆளுக்கொரு ஆசிரியர் ஆளுக்கொரு செய்தி அனுப்பினால் எல்லாப் பெற்றோரும் வெள்ளத்தில் இறங்கிப் பள்ளியை நோக்கி நடக்கத் தொடங்குவர். மாநகராட்சியின் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1916 என்பதை வாயிற்காவலரும் அறிந்திருத்தல் நலம்.

செம்பூரின் காற்று

செம்பூருக்கு அருகே மாஹுலிலும் டிராம்பேயிலும் 1950களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் பின்னர் உர ஆலையும் எழுந்தன. 2018 ஆகஸ்ட் 8 அன்று மாஹுலிலுள்ள பாரத் பெட்ரோலியம் ஆலையில் நிகழ்ந்த வெடிப்பின் அதிர்வு சுற்றுவட்டார வீடுகளிலும் உணரப்பட்டது. பணியாளர் பலர் காயமுற்றனர்.

தாராவியில் மணியடித்தால் வெளியே வர வேண்டும். செம்பூரில் நச்சுவாயுக் கசிவுக்கான மணி ஒலித்தால் உள்ளேயே இருக்க வேண்டும். கதவு, சன்னல்களை அடைத்து, மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்தி, ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, அதிகாரிகளின் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். திறந்த மைதானத்தில் வரிசையாக நிறுத்துவதே தீக்குரிய ஒத்திகை. வாயுக் கசிவின்போது அதே மைதானம் பொறியாகிவிடும். இரண்டிற்கும் ஒரே மணியோசையைப் பயன்படுத்தும் பள்ளி, தன் பிள்ளைகளுக்குத் தவறான பாடம் கற்பிக்கிறது. விட்டுவிட்டு ஒலிப்பது தீக்கு, நீண்டு ஒலிப்பது வாயுவுக்கு என்பதுபோல் வேறுபடுத்தி, இரண்டையும் தனித்தனியே பழக்க வேண்டும்.

அபாயகரமான இரசாயனங்கள் பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகள், விபத்தினால் பாதிக்கப்படக்கூடிய வெளியாருக்குத் தகவல் அளிக்கும் கடமையை ஆலையின்மீது சுமத்துகின்றன. ஆலைக்கு வெளியேயான அவசரகாலத் திட்டத்தை அரசு அதிகாரிகள் வகுக்க வேண்டும். அத்திட்டத்தில் தம் பள்ளியின் பெயர் உள்ளதா என்று கேட்டறியும் உரிமை ஒவ்வொரு தலைமையாசிரியருக்கும் உண்டு. ஆலை நடத்தும் ஒத்திகையில் பங்கேற்க எழுத்துமூலம் கோருவதும் அவர் செய்யக்கூடியதே.

ஓசையின்றி நேரும் தீங்கு

இதுவரை கூறப்பட்டவை மணியடித்து அறிவிக்கக்கூடிய இடர்கள். மணியே அடிக்காத இடர் ஒன்றும் உண்டு. 2024 ஆகஸ்டில், மும்பைக்கு அப்பாலுள்ள பத்லாப்பூரில் ஒரு பள்ளியில் பயின்ற இரு சிறுமியர், அங்கேயே பணிபுரிந்த ஆண் ஊழியர் ஒருவரால் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர் என்ற செய்தி வெளியாயிற்று. புகாரைப் பதிவு செய்வதில் நேர்ந்த தாமதம் மக்களைக் கொதிப்படையச் செய்தது. ஆகஸ்ட் 20 அன்று பத்லாப்பூர் ரயில் நிலையத்தில் பல மணி நேரம் ரயில்கள் மறிக்கப்பட்டன. மும்பை உயர் நீதிமன்றம் இதனைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற பெண் நீதிபதிகள் தலைமையில் பள்ளிப் பாதுகாப்பு குறித்து ஆராயக் குழு அமைத்தது. மாநில அரசு ஆகஸ்ட் 21 அன்று பிறப்பித்த ஆணை, கேமராக்களைப் பொருத்துவது, அவற்றின் பதிவை வாரத்தில் மூன்று முறையேனும் பார்வையிடுவது, ஊழியர்களின் முன்வரலாற்றைக் காவல்துறை வழியாகச் சரிபார்ப்பது, புகார்ப் பெட்டி வைப்பது, இளஞ்சிறார் வகுப்புகளில் பெண் பணியாளர்களுக்கு முன்னுரிமை அளிப்பது ஆகியவற்றை வலியுறுத்தியது.

இவற்றுள் பதிவைப் பார்வையிடுதல் என்னும் சொல் கருதத்தக்கது. கேமரா தடுப்பதில்லை, பார்ப்பவர் இருந்தால்தான் அது பயன் தரும். மேலும் கழிப்பறைக்குள் கேமரா வைக்க இயலாது, வைக்கவும் கூடாது. சிறு குழந்தை கழிப்பறைக்குச் செல்லும் வழி, மாடிப்படியின் திருப்பம், பூட்டப்படாத வெற்று வகுப்பறை, வாகனத்தின் கடைசி இருக்கை ஆகிய இடங்களில் எந்த நேரத்தில் எந்தப் பணியாளர் பொறுப்பு என்பது கால அட்டவணையைப்போல எழுதப்பட வேண்டும். கணக்குப் பாடத்திற்கு ஆசிரியர் வரவில்லையெனில் பதிலியை நியமிக்கும் பள்ளி, ஆயா விடுப்பில் சென்ற நாளில் அவ்விடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறது. குத்தகை நிறுவனம் ஆளை மாற்றி அனுப்பும்போது புதியவரின் சரிபார்ப்பு முடிந்ததா என்று கேட்பாரும் அரியர்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்ஸோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நிகழ்ந்ததாக அறிய வந்த எவரும் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு 21ஆம் பிரிவு இடம் தருகிறது. ‘முதலில் நாங்களே விசாரித்துப் பார்க்கிறோம்’ என்று பெற்றோரைத் திருப்பி அனுப்ப எந்தத் தலைமையாசிரியருக்கும் அதிகாரமில்லை. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் இல்லத்திலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவல் அதிகாரி, இயன்றவரை துணை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, பதிவு செய்ய வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் ஏற்பாடே. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, 1996இல் மும்பையில், டாடா சமூக அறிவியல் கழகத்தின் களப்பணியில் உருப்பெற்றது. அக்கழகத்தின் வளாகம் செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ளது. இன்று அந்த எண் அரசின் பொறுப்பில் இயங்குகிறது.

குழுவும் கூட்ட நேரமும்

மேற்கூறிய அனைத்தையும் ஒருங்கே கண்காணிக்கச் சட்டம் ஏற்கெனவே ஓர் அமைப்பைத் தந்துள்ளது. அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளில் அமைய வேண்டிய பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தன் பிள்ளை நடந்துவரும் சந்தில் எங்கு மின்கம்பி தொங்குகிறது, எந்தச் சாக்கடை மூடி உடைந்துள்ளது, எந்த மூலையில் குடித்துவிட்டு நிற்போர் கூடுகின்றனர் என்பதை ஆய்வாளரைக் காட்டிலும் தாய்மார்கள் நன்கறிவர். அவ்வறிவு திட்டத்தில் இடம்பெற வேண்டுமாயின் திட்டம் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு ஒட்டப்படும் அறிவிப்பைத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த தாராவித் தாயால் படிக்க இயலாது. குழந்தைதான் படித்துச் சொல்ல வேண்டும்.

கூட்டம் நடைபெறும் நேரமும் இதனோடு சேர்ந்ததே. முற்பகல் 11 மணிக்குக் கூட்டினால் வீட்டு வேலைக்கும் பணிமனைக்கும் சென்றுள்ள பெண்கள் ஒருநாள் கூலியை இழந்தே வர முடியும். வருகைப் பதிவேட்டில் கையொப்பங்கள் மட்டும் பின்னர் நிரப்பப்படும். ஞாயிறு மாலையிலோ, வேலை நாளில் இரவு 8 மணிக்கோ பள்ளியைத் திறந்து வைத்து, மாடிப்படியிலும் வாயிலிலும் அவர்களை நடத்திச் சென்று, அவர்கள் சுட்டும் குறைகளையும் ஒவ்வொன்றையும் சரிசெய்ய வேண்டியவரின் பெயரையும் தேதியையும் அதே பதிவேட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் முதற்பொருளாக அதனை வாசித்தல் வேண்டும்.